97 சதவீதம் காட்டிய பேட்டரி: ஒரு பழைய மின்காரைச் சோதித்த கதை

விற்பனைக்கு வந்த கார் ஆறு வயதான ஹாட்ச்பேக். ஓடோமீட்டரில் 82,000 கிலோமீட்டர். புதிதில் அதன் பேட்டரியிலிருந்து 50 யூனிட், அதாவது 50 கிலோவாட்-மணி மின்சாரம் எடுக்கலாம். விற்பவர் இரண்டாவது உரிமையாளர். வாங்க நினைத்தவர் என் நண்பர். கார்களை இப்படிப் பார்த்துச் சொல்வது எனக்குப் பழக்கம் என்பதால் என்னையும் கூட்டிப் போனார். எந்த நிறுவனத்தின் கார் என்பதை எழுதப் போவதில்லை. இங்கே வரும் குறைகள் எந்த நிறுவனத்தின் காரிலும் வரக்கூடியவை.

விற்பவர் முதலில் நீட்டியது ஒரு அச்சுத்தாள். பேட்டரி ஆரோக்கியம் 97 சதவீதம் என்று அதில் இருந்தது. நண்பருக்கு அதைப் பார்த்ததுமே பாதி மனசு ஒப்பிவிட்டது. எனக்கு அந்த எண் நெருடியது. ஆறு வருட உபயோகத்தில் 88, 90 என்று இருந்தால் கேள்வி கேட்காமல் நம்பியிருப்பேன். 97 வரவே வராது என்றில்லை. ஆனால் அப்படி வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்.

கார் காட்டப்பட்ட நிலை

நாங்கள் போனபோது கார் 88 சதவீத சார்ஜில், சற்று முன்பு ஓட்டி வந்த சூட்டோடு, கழுவித் துடைத்து நின்றது. பெட்ரோல் கார் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் சந்தேகப்படுவார்கள். மின்காரில் நிறைந்த சார்ஜைப் பார்த்தால் அதே சந்தேகம் வர வேண்டும். மின்காரின் பெரிய குறைகளில் பல, சார்ஜ் தாழ்ந்திருக்கும்போதோ, பேட்டரி குளிர்ந்திருக்கும்போதோ, இரவு முழுக்கத் தொடாமல் நின்ற பிறகோதான் வெளியே வரும். முக்கால் சார்ஜுக்கு மேல், இளஞ்சூட்டில், பத்து நிமிட ஓட்டத்தில் எல்லா மின்காரும் நல்ல கார்தான். விற்பவர் இதை ஏமாற்றுவதற்காகச் செய்தார் என்று சொல்லவில்லை. ஆள் பார்க்க வருகிறார்கள் என்றால் சார்ஜ் போட்டு வைப்பதுதான் யாரும் செய்வது.

திரையில் இன்னும் 360 கிலோமீட்டர் போகலாம் என்று காட்டியது. அந்த எண்ணை நான் குறித்துக்கொள்வதே இல்லை. கடைசியாக ஓட்டிய விதத்தை வைத்துக் கார் போடும் கணக்கு அது. நேற்று நகரத்துக்குள் நிதானமாக ஓட்டியவருக்கு அதிகமாகவும், நெடுஞ்சாலையில் விரட்டியவருக்குக் குறைவாகவும் காட்டும். பேட்டரி என்னவோ ஒன்றேதான்.

காரின் கணினியில் உள்ள அளவுகளையும் பிழைப் பதிவுகளையும் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டிப் படித்தேன். இந்த பேக்கில் 96 செல் தொகுதிகள் வரிசையாக இணைந்திருக்கின்றன. மிக உயர்ந்த தொகுதிக்கும் மிகத் தாழ்ந்த தொகுதிக்கும் இடையே 16 மில்லிவோல்ட் வித்தியாசம். மிக நல்ல எண். ஆரோக்கியம் 97, தாளில் இருந்தது போலவே. பிழைக் கோடு (error code) ஒன்றுகூட இல்லை.

கோடு இல்லாததுதான் இரண்டாவது நெருடல். ஆறு வருடத்தில் 12 வோல்ட் பேட்டரி ஒரே ஒரு முறை தளர்ந்திருந்தாலும் ஏழெட்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் பழைய கோடுகள் தங்கிவிடும். அவை ஆபத்தானவை அல்ல, வெறும் பழைய பதிவுகள். அதுகூட மிச்சமில்லாமல் துடைத்திருக்கிறது என்றால் யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள்.

பொருந்தாத ஒரு கணக்கு

ஆரோக்கியம் என்று கார் சொல்வது ஒரு கணிப்பு. நிறுத்துப் பார்த்த எடை மாதிரி அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் தனக்குக் கிடைத்த அனுபவத்தை வைத்து அதைச் சொல்கிறது. ஆனால் அதே பிஎம்எஸ்ஸில், பல மாடல்களில், இன்னொரு எண்ணும் உண்டு: இதுவரை பேட்டரியிலிருந்து வெளியே போன மொத்த மின்சாரம். விற்பவர்கள் யாரும் இதைக் காட்டுவதில்லை, வாங்குகிறவர்களும் கேட்பதில்லை.

இந்தக் காரில் அது 2,150 யூனிட்.

இந்த அளவுள்ள கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 16 யூனிட் எடுக்கும். 82,000 கிலோமீட்டருக்கு 13,000 யூனிட்டாவது போயிருக்க வேண்டும். பிரேக் போடும்போது திரும்பி வந்து மறுபடி செலவாகும் மின்சாரத்தையும் சேர்த்தால் அதைவிடக் கூடும். 2,150 என்பது 12,000 அல்லது 13,000 கிலோமீட்டர் ஓடிய காரின் எண். (இதே கணக்கு எதிர்ப்பக்கமாகவும் உதவும். மின்சாரக் கணக்கு ஓடோமீட்டரைவிட ரொம்ப அதிகம் என்றால், திருத்தப்பட்டது ஓடோமீட்டர் என்று சந்தேகிக்கலாம்.)

இதற்கு இரண்டு விளக்கங்கள்தான் இருக்க முடியும். முழு பேட்டரியே மாற்றப்பட்டிருக்க வேண்டும்; அப்படியானால் 97 உண்மை, காரும் யோகமான கார். அல்லது பிஎம்எஸ் போர்டு மட்டும் மாற்றப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ரீசெட் செய்யப்பட்டிருக்க வேண்டும். அப்போது பேட்டரி பழையது, கணக்கு மட்டும் புதியது.

இரண்டாவது வழி புதிய தந்திரம் ஒன்றுமில்லை. நிஸான் லீஃப் காரில் பேட்டரி ஆரோக்கியத்தைத் திரையில் 12 கட்டங்களாகக் காட்டுவார்கள். முதல் கட்டம் மறையும்போதே ஏறக்குறைய 15 சதவீதம் போயிருக்கும். தேய்ந்த லீஃப்களில் பிஎம்எஸ்ஸை ரீசெட் செய்து 12 கட்டமும் தெரியும்படி விற்ற ஆட்கள் பல நாடுகளில் இருந்திருக்கிறார்கள். சில வாரம் ஓட்டினால் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறுபடி மறையும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும்.

காரை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்த்தபோது பேட்டரிப் பெட்டியின் போல்ட்டுகளில் புதிய ஸ்பேனர் தடம் இருந்தது. பெட்டி ஒரு முறை கழற்றப்பட்டது உறுதி. விற்பவரிடம் கேட்டேன். “நான் வாங்கின பிறகு அதைத் தொட்டதே இல்லைங்க” என்றார். அவர் காரை வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உரிமையாளர் என்ற முறையில் அவரே வரலாற்றைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்தது: 69,500 கிலோமீட்டரில் மின்காப்பு எச்சரிக்கை வந்திருக்கிறது, ஒரு கனெக்டரின் சீல் தேய்ந்து ஈரம் புகுந்திருக்கிறது, சீலும் பிஎம்எஸ் போர்டும் மாற்றப்பட்டிருக்கின்றன. பேட்டரி மாற்றப்பட்டதாக ஒரு வரிகூட இல்லை.

ஆக, புதிய போர்டு ‘பேட்டரி புதியது’ என்ற இயல்பு மதிப்பிலிருந்து கணக்கைத் தொடங்கியிருக்கிறது. சரி, அதற்குப் பிறகு ஓடிய 12,500 கிலோமீட்டரில் அது ஏன் உண்மையைக் கற்றுக்கொள்ளவில்லை? உண்மையான கொள்ளளவை அறிய பிஎம்எஸ்ஸுக்கு ஆழமான சுற்றுகள் வேண்டும்: நிறையச் சார்ஜ் ஆகி, நன்றாகக் கீழே இறங்கி, நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் நின்று. இந்த உரிமையாளரோ 50க்குக் கீழே இறங்க விடாமல், 90க்கு மேல் ஏற்றாமல் பத்திரமாக ஓட்டியவர். பேட்டரி ஆயுளுக்கு அது நல்ல பழக்கம். அதனாலேயே பிஎம்எஸ் ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

நீண்ட சோதனை

இந்த இடத்தில் பலர் ‘இருபது சதவீதம் ஓட்டிப் பார்த்துக் கணக்குப் போடலாம்’ என்பார்கள். இந்தக் காரில் அப்படிச் செய்திருந்தால் பொய்தான் உறுதியாகியிருக்கும். காரணம், நடுப்பகுதியில் சார்ஜ் சதவீதம் என்பதே வெளியே போன மின்சாரத்தை, பிஎம்எஸ் நம்பும் கொள்ளளவால் வகுத்து வரும் எண். அது 48.5 யூனிட் என்று நம்பினால், 20 சதவீதம் குறையும்போது 9.7 யூனிட் போயிருக்கும். திரும்பப் பெருக்கினால் அதே 48.5 வரும். தான் எழுதிய விடைத்தாளைத் தானே திருத்துகிற கதை.

செல்லின் வோல்ட்டேஜ் கீழே சரியத் தொடங்கும் இடத்தில்தான் இந்தக் கணக்கு உண்மையோடு மோதும். எனவே 100 சதவீதத்திலிருந்து 10 வரை இறக்கிப் பார்க்க வேண்டும் என்றேன். விற்பவர் நேர்மையான மனிதர், தனக்கே தெரிய வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். கருவி அளவுகளைப் பதிவு செய்துகொண்டிருக்க, அவரே தன் வழக்கமான வேலைகளுக்கு ஓட்டினார். கடைசிப் பகுதியை நாங்கள் சேர்ந்து, சார்ஜருக்கு அருகிலேயே சுற்றி முடித்தோம். இப்படிச் செய்வதானால் அந்தக் கடைசிப் பகுதியை நெடுஞ்சாலையில் வைத்துக்கொள்ள வேண்டாம். வேகம் திடீரென்று குறைந்தால் பின்னால் வருபவருக்குத் தெரியாது.

100 முதல் 30 வரை எல்லாம் ஒழுங்கு. 33.9 யூனிட் போனது, அதாவது அதே 48.5 கணக்கு. 30க்குக் கீழே காட்சி மாறியது. சதவீதம் நழுவி நழுவி விழுந்தது: 27, 23, 18. 30லிருந்து 10க்கு வர 9.7 யூனிட் போக வேண்டும். வெறும் 3 யூனிட்டில் வந்துவிட்டது. மொத்தம் 36.9 யூனிட், 90 சதவீதத்துக்கு. முழுக் கொள்ளளவு 41. புதிதில் இருந்த 50க்கு இது 82 சதவீதம்.

மறுபடி சார்ஜ் போட்டும் சரிபார்த்தோம். மெதுவான ஏசி சார்ஜரில் 10லிருந்து 100க்கு மீட்டரில் 41.5 யூனிட் ஏறியது. மாற்றும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் வெப்பமாக வீணாவது வழக்கம். கழித்தால் அதே 37க்கு வருகிறது. கருவி எதுவுமில்லாத ஒருவர்கூட சார்ஜர் மீட்டரை வைத்து இந்தக் கணக்கைப் போடலாம்.

61ஆம் தொகுதி

82 சதவீதம் என்பதோடு விஷயம் முடிந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கியிருக்கலாம். தாழ்ந்த சார்ஜ் இன்னொன்றையும் காட்டியது. 88 சதவீதத்தில் 16 மில்லிவோல்ட் ஆக இருந்த வித்தியாசம், 30இல் 70 ஆனது. 12இல் நின்ற நிலையிலேயே 180. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபோது 310. ஒவ்வொரு முறையும் கீழே இருந்தது 61ஆம் தொகுதி. அழுத்திய சில நொடிகளில் சக்திக் குறைப்பு விளக்கு எரிந்து, கார் மந்தமாகி, ஒரு பிழைக் கோடும் பதிவானது.

தொடராக இணைந்த செல்களில் முதலில் காலியாகும் தொகுதியோடு கார் நின்றாக வேண்டும். மற்ற 95இல் மின்சாரம் மிச்சமிருந்தாலும் எடுக்க முடியாது. அதனால் 41 யூனிட் என்பது முழு பேட்டரியின் தேய்மானம் இல்லை, 61ஆம் தொகுதி போட்ட வேலி. இது கெட்ட செய்தி மாதிரி தெரியும். எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது. எல்லா செல்லும் சமமாகத் தேய்ந்திருந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு தொகுதி மட்டும் கெட்டிருந்தால் அது இருக்கும் மாட்யூலை, அதாவது பேட்டரியின் அந்தப் பகுதியை மட்டும், மாற்றலாம்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி உள்ள கார் என்றால் இந்தச் சோதனை கொஞ்சம் வேறு மாதிரி. அந்தச் செல்களின் வோல்ட்டேஜ் நடுப்பகுதியில் கிட்டத்தட்டச் சமதளம். 50 சதவீதத்தில் வித்தியாசம் பார்ப்பதில் எதுவும் தெரியாது. இரண்டு ஓரங்களிலும் பார்க்க வேண்டும். அவற்றில் சதவீதக் கணக்கே விலகிப் போகும் என்பதால்தான் அவ்வப்போது 100 வரை சார்ஜ் செய்யச் சொல்கிறார்கள்.

பேட்டரிக்கு வெளியே

மின்காப்பு எச்சரிக்கை ஒரு முறை வந்த கார் என்பதால் அதைத் தனியாகப் பார்த்தேன். உயர் மின்னழுத்த வயர்கள் காரின் உடலிலிருந்து முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். கார் இதைத் தானே ஓயாமல் அளக்கிறது. ஈரமான காலையில், ஹீட்டரையும் ஏசியையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு அளவைக் கவனித்தேன். ஹீட்டர் ஓடும்போது மட்டும் அளவு சரிந்தால் குற்றவாளி ஹீட்டர்தான். பழைய மின்கார்களில் இது அடிக்கடி அகப்படும். இங்கே எல்லா நேரமும் 2 மெகா ஓமுக்கு மேல். சீல் வேலை ஒழுங்காக நடந்திருந்தது. ஆரஞ்சு நிற வயர்களை யாரும் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டாம், படிப்பதெல்லாம் கருவி வழியாகத்தான்.

ஏசி வேலை செய்கிறதா என்பதை வசதிக்காக மட்டும் பார்க்கக் கூடாது. திரவக் குளிரூட்டல் உள்ள பல கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் அதே கம்ப்ரசர்தான். அது தளர்ந்தால் கோடையில் வேக சார்ஜும் தளரும்.

12 வோல்ட் பேட்டரி காரோடு வந்த பழையது. இரவு முழுக்க நின்ற பின் 12.1 வோல்ட், கார் தயார் நிலையில் 14.2. அதாவது சார்ஜ் செய்யும் கன்வர்ட்டர் நலம், பேட்டரிதான் முடிந்துவிட்டது. பெரிய பேட்டரியை இணைக்கும் கான்டாக்டரை மூடுவதற்குச் சக்தி தருவது இந்தச் சின்னப் பேட்டரி. இது செத்தால் 90 சதவீத சார்ஜோடு கார் அசையாது. தயார் நிலையில் 13 வோல்ட்டுக்கும் கீழே இருந்திருந்தால் கன்வர்ட்டரைச் சந்தேகித்திருப்பேன், அது செலவான விஷயம். ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2024இல் ஐயோனிக் 5, இவி6 உள்ளிட்ட கார்களைத் திரும்ப அழைத்தது இந்த 12 வோல்ட் சார்ஜிங்கைக் கவனிக்கும் பெட்டிக்காகத்தான்.

பின் பிரேக் டிஸ்க்குகள் இரண்டும் துருப்பிடித்துக் குழிவிழுந்திருந்தன. மின்காரில் பிரேக் தேய்வதைவிட வேலையில்லாமல் கெடுவதே அதிகம். மோட்டாரே காரை மெதுவாக்கி மின்சாரத்தைத் திருப்பி எடுக்கும் ரீஜென் பெரும்பாலான வேகத்தைத் தானே குறைத்துவிடுவதால் பேட் டிஸ்க்கைத் தொடுவதே அபூர்வம்; கேலிப்பர் இறுகிப் போகும். முன் இடது டயரின் உள் விளிம்பு மொட்டையாகியிருந்தது. வெளியே நின்று பார்த்தால் தெரியாது, சக்கரத்தைத் திருப்பிக் கை விட்டுத் தடவ வேண்டும். அலைன்மென்டும் ஒரு புஷ்ஷும் காரணம். பேட்டரி எடையால் இவை சீக்கிரம் போகும்.

சார்ஜிங் சாக்கெட்டில் கருகல், உருகல் இல்லை. பிளக்கைப் பூட்டும் கொக்கி ஒழுங்காகப் போய் வந்தது. ஏசி, டிசி இரண்டிலும் போட்டுப் பார்த்தோம். மூன்று ஃபேஸ் சார்ஜரில் ஒரு ஃபேஸ் செத்திருந்தாலும் கார் ‘சார்ஜ் ஆகிறது’ என்றுதான் காட்டும், ஆகவே கிலோவாட் எண்ணைப் பார்க்க வேண்டும். டிசியில் முதலில் போட்ட சார்ஜரில் 50 கிலோவாட்டைத் தாண்டவில்லை. அது சார்ஜரின் உச்சம். வேறு இடத்தில் 18 சதவீத சார்ஜில் தொடங்கி 90 கிலோவாட்டைத் தொட்டது. குறைந்த வேகத்துக்குக் காரைக் குறைசொல்லும் முன் சார்ஜரை மாற்றிப் பார்ப்பது நல்லது. கியர்பாக்ஸில் ஊளைச் சத்தம் இல்லை. இருக்கைத் தண்டவாளங்களில் வெள்ளம் புகுந்த துரு இல்லை.

தாள்கள்

ரீகால், அதாவது குறையைச் சரிசெய்ய நிறுவனம் காரைத் திரும்ப அழைப்பது, நிலுவை எதுவும் இல்லை. இதைச் சாதாரணமாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்: 2021இல் ஹூண்டாய் தீ அபாயத்துக்காக உலகம் முழுக்கச் சுமார் 82,000 மின்வாகனங்களைத் திரும்ப அழைத்தது, பெரும்பகுதி கோனா. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் அதுவரை தயாரான எல்லா செவ்ரோலெட் போல்ட் கார்களையும் அழைத்தது. அந்தக் கார்களில் ஒன்றை இன்று வாங்கினால், பேட்டரி மாற்றப்பட்டதா, மென்பொருள் மட்டும் போடப்பட்டதா என்பதே காரின் மதிப்பை நிர்ணயிக்கும். பழைய ரெனோ ஸோ என்றால் பேட்டரி காரோடு சேர்ந்ததா, மாத வாடகையா என்றும் கேட்க வேண்டும்.

வாரண்டி இந்தக் காருக்கு எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர். கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவார்கள். 2022இல் வந்த ஐ.நா. உலகத் தொழில்நுட்ப விதி 22 குறைந்தபட்சமாக வைப்பதும் இதே 70தான் (ஐந்து வருடத்துக்கு 80). கார் தன்னைப் பற்றிக் காட்டும் ஆரோக்கிய எண் உண்மையா என்று சோதிப்பதும் அந்த விதியில் உண்டு. ஆனால் இந்தக் கார் அதற்கு முந்தையது. 82 சதவீதத்தில் கொள்ளளவு வாரண்டி எடுபடாது. ஒரு தொகுதி மட்டும் கெட்டது தேய்மானத்தில் சேராது, குறைபாட்டில் சேரும். அதற்கு வாரண்டி உண்டு. ஆனால் கோடு பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் நீண்ட ஓட்டத்தின் கடைசியில் எரிந்த அந்த விளக்கு இப்போது கைகொடுத்தது.

முடிவு

நண்பர் கைகழுவிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம், ஆனால் இப்படியே வாங்கவும் வேண்டாம் என்றேன். வாரண்டி வேலையை விற்பவரே தன் பெயரில் முடிக்கட்டும், பிறகு பேசலாம் என்பது ஏற்பாடு. வாங்கிவிட்டு நாமே கேட்டுக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம், கோரிக்கை மறுக்கப்பட்டால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதுதான்.

சர்வீஸ் மையம் முதலில் “97 காட்டுதே, அப்புறம் என்ன” என்று திருப்பி அனுப்பப் பார்த்தது. பதிவு செய்த அளவுகளையும் பிழைக் கோடையும் காட்டிய பிறகு அவர்களே தாழ்ந்த சார்ஜில் அளந்து, 61ஆம் தொகுதி இருந்த மாட்யூலை மாற்றி, கொள்ளளவை மறுபடி கற்றுக்கொள்ளும் சுற்றையும் ஓட்டினார்கள். அதே முறையில் மறுசோதனை செய்தோம். 12 சதவீதத்தில் வித்தியாசம் 34 மில்லிவோல்ட். 100லிருந்து 10 வரை 40.1 யூனிட், அதாவது முழுக் கொள்ளளவு 44.6, புதிதின் 89 சதவீதம். திரையில் ஆரோக்கியம் 97லிருந்து 90க்கு இறங்கியிருந்தது. கார் முன்பைவிட அதிக தூரம் ஓடுகிறது, எண் மட்டும் குறைந்துவிட்டது. விற்பவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

விலை 89 சதவீத பேட்டரிக்குப் பேசப்பட்டது. பின் டிஸ்க்குகள், 12 வோல்ட் பேட்டரி, இரண்டு முன் டயர்கள், புஷ் ஆகியவற்றின் செலவு கழிக்கப்பட்டது. இழுபறியானது ஒரே விஷயம்: மாற்றிய மாட்யூலுக்குத் தனி வாரண்டி உண்டா, மூல வாரண்டியோடு முடிகிறதா. மூல வாரண்டியோடு முடிகிறது, ஆனால் புதிய உரிமையாளருக்கும் செல்லும் என்று மையம் எழுத்தில் கொடுத்த பிறகு பணம் போனது. பழைய உரிமையாளரின் ஆப் கணக்கு காரிலிருந்து நீங்கியதைத் திரையில் பார்த்த பிறகு நண்பர் சாவியை வாங்கினார்.